ஒன்பது பாடமும் ஒரு வீடும்: வீட்டுவழிக் கல்வி குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது, மகனுக்குப் பதினாறு. இருவரையும் ஐந்து ஆண்டுகளாக நானே வீட்டில் படிக்க வைக்கிறேன். சிறு வகுப்புகளில் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை. இப்போது மேல்வகுப்புப் பாடங்களைத் திட்டமிட உட்கார்ந்தால் மலைப்பாக இருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், வரலாறு, புவியியல், இரண்டு மொழிகள், கணினி என ஒன்பது பாடங்களையும் நாற்பது வாரங்களுக்குப் பிரித்து, நாள்தோறும் படிக்க வேண்டிய பக்க எண் வரை குறித்து அட்டவணை போட்டேன். நான்காவது வாரத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அதன்பின் அட்டவணை ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாகப் போய்விட்டோம். எங்கே தவறினேன்?

பதில்: நாற்பது வாரத்தில் ஒரு நாள்கூட யாருக்கும் உடம்புக்கு வராது என்று எண்ணிப் போட்ட அட்டவணை, நான்காவது வாரம் வரை தாக்குப்பிடித்ததே பெரிது. நீங்கள் தேர்ந்த பாடங்களில் எனக்குக் குறை தெரியவில்லை. அவற்றை அடைத்து வைத்த நெருக்கத்தில்தான் குறை. ஆண்டுக்கு 36 வாரங்கள் படிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் 30 வாரங்களுக்கு மட்டும் பாடத்தைப் பிரித்து எழுதுங்கள்; மீதி ஆறு வாரங்களுக்குப் பெயரே வைக்காதீர்கள். நோய், விருந்தினர், வீடு மாறுதல், ஒரு வாரம் என்று நினைத்து மூன்று வாரம் இழுத்துவிடும் கடினமான அத்தியாயம் ஆகியவை அந்த ஆறு வாரங்களைத் தாமாகவே வந்து எடுத்துக்கொள்ளும். எதுவும் வராமல் தப்பித்தால் பிள்ளைகளுக்கு விடுமுறை கொடுங்கள்.

பாடத்துக்கு ஆண்டுக்கு இத்தனை மணி என்ற பள்ளிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் அச்சம் சற்றுத் தணியலாம். ஒரு பாடத்தை ஓராண்டில் ஏறத்தாழ 120 மணி நேரம் படிப்பதை ஓர் அலகு என்று கொள்ளும் அளவுகோல், அமெரிக்காவில் 1905-இல் தொடங்கப்பட்ட கார்னகி கல்வி அறக்கட்டளையின் வழியாகப் பரவியது. அந்த அறக்கட்டளை முதலில் கையிலெடுத்த வேலை, கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்குவது. அத்திட்டத்தில் சேர விரும்பிய கல்லூரிகள், தம்மிடம் வரும் மாணவர்கள் பள்ளியில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அலகுகளை முடித்திருக்க வேண்டும் என்று விதிக்க வேண்டியிருந்தது. பேராசிரியர்களின் ஓய்வூதியத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த கணக்கு, நூறாண்டு கடந்தும் வீட்டில் பாடம் சொல்லித்தரும் தாய்மார்களைக் கடிகாரம் பார்க்க வைக்கிறது. வருகைப் பதிவும், வகுப்பு மாறும் நேரமும், முப்பது பேரை அமைதிப்படுத்தும் நேரமும் பள்ளியின் 120 மணிக்குள் அடக்கம் என்பதை மறக்க வேண்டாம். பிள்ளைகள் பின்னர் சேரப்போகும் நிறுவனம் மணிக்கணக்கைக் கேட்டால் காட்டத்தான் வேண்டும். கேட்காவிட்டால், பாடம் புரிந்து முடிந்ததா என்று பார்ப்பதே போதுமானது.

அடுத்து, ஒன்பது பாடங்களையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள். அவற்றுள் சில, கண்ணி விட்டுப்போனால் அறுந்துவிடும் சங்கிலிகள். இயற்கணிதத்தில் தடுமாறும் பிள்ளைக்கு முக்கோணவியல் பிடிபடாது. முக்கோணவியல் தெரியாமல் இயற்பியலில் விசையைக் கூறுகளாகப் பிரிக்க முடியாது. விகிதம் கைவராதவருக்கு வேதியியலில் மோல் கணக்கும், மடக்கை அறியாதவருக்கு அமிலத்தன்மையின் அளவீடும் வெறும் மனப்பாடமாகவே நிற்கும். கணிதமும், எழுத்துப் பயிற்சியும், புதிதாகக் கற்கும் மொழியும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு நாள்தோறும் மாறாத ஓர் இடம் வேண்டும்; வாரத்தில் ஐந்து நாளும், குறைந்த நேரமானாலும், விட்டுப்போகாமல் நடக்க வேண்டும். வரலாறும் புவியியலும் கூடையில் பழம் சேர்ப்பதைப் போன்றவை. எந்தப் பழத்தை முதலில் எடுத்தாலும் கூடை கவிழாது. வரலாற்றை எட்டு வாரம் மூழ்கிப் படித்து முடித்துவிட்டுப் புவியியலுக்குப் போகலாம். பள்ளி ஒன்பது பாடங்களையும் ஒரே வாரத்தில் நடத்துவதற்குக் காரணம், அங்கே ஒன்பது ஆசிரியர்களின் நேரத்தைப் பங்கிட வேண்டியிருப்பது. உங்கள் வீட்டில் இருக்கும் ஒரே ஆசிரியர் சமையலும் செய்கிறார். ஒரே சமயத்தில் ஐந்து பாடங்களுக்கு மேல் ஓட விடாதீர்கள் என்பது என் கருத்து.

மூழ்கிப் படித்து முடித்த பாடம் மறந்துபோகாதா என்று கேட்பீர்கள். மறந்துதான் போகும். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்பதை அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதிக்கு என்ன மருந்து என்பதைப் பிற்காலத்தவர் சோதித்தார்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் இரண்டு உரைநடைப் பகுதிகளைப் படித்த பின், ஒரு பகுதியை மீண்டும் படித்தார்கள். மற்றொரு பகுதியைத் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்த பகுதியே முந்தியது: 81 விழுக்காட்டுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: மீண்டும் படித்தது 42, நினைவிலிருந்து எழுதியது 56. ஆகவே வரலாறு முடிந்து புவியியல் தொடங்கிய பிறகும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரலாற்றிலிருந்து பத்துக் கேள்விகளைப் புத்தகம் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் போட வேண்டாம். எழுதுவதிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

பக்க எண்களைப் பொறுத்தவரை, அவற்றை முன்கூட்டி எழுதும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். பாடத்தின் வரிசையையும் வாரத்துக்கு அதற்கு ஒதுக்கிய நேரத்தையும் மட்டும் எழுதி வைத்து, எந்தப் பக்கம் முடிந்தது என்பதை அன்று மாலை நாட்குறிப்பில் எழுதுங்கள். முன்னால் எழுதிய பக்க எண், தவறிய நாளிலிருந்து கடனாக மாறித் துரத்துகிறது. பின்னால் எழுதியது சேமிப்பாகக் கூடுகிறது. ஆண்டு முடிவில், என்னென்ன படித்தோம் என்று பாட விளக்கம் எழுதும்போது அந்த நாட்குறிப்புதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியாக எல்லாவற்றையும் நடத்த வேண்டியதில்லை. வரலாறு, இலக்கியம், உயிரியல் ஆகியவற்றை இருவரும் சேர்ந்தே படிக்கலாம். மகள் ஒரு பக்கம் எழுதும் இடத்தில் மகன் மூன்று பக்கம் எழுதி, மாற்றுக் கருத்தையும் எடுத்துக்கொண்டு மறுக்கட்டும். கணிதத்தை மட்டும் ஒருபோதும் சேர்த்து நடத்தாதீர்கள். இரண்டு வயது வேறுபாட்டில் ஒருவர் காத்திருப்பார், மற்றவர் அவமானப்படுவார்.

கேள்வி: மகன் பொறியியல் படிக்க விரும்புகிறான். நான் நுண்கணிதம் படித்ததே இல்லை. ஆய்வகமும் வீட்டில் இல்லை. இந்த நிலையில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை வீட்டில் நடத்துவது பிள்ளைக்குச் செய்யும் துரோகமா?

பதில்: இந்தத் தாயின் கேள்வியில் உள்ள நேர்மை, துரோகம் என்ற சொல்லைத் தேவையற்றதாக்குகிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொரு பாடத்தையும் தாய் கற்பிக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. நுண்கணிதத்தைப் பொறுத்தவரை உங்கள் பொறுப்பு மூன்றோடு முடிகிறது. ஒவ்வொரு கணக்குக்கும் இறுதி விடை மட்டுமல்லாமல், படிப்படியான தீர்வும் கொண்ட புத்தகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது சந்தேகம் கேட்கக்கூடிய ஒருவரை, நேரிலோ இணையத்திலோ, ஏற்பாடு செய்ய வேண்டும். அவன் தன் விடைகளைத் தானே தீர்வோடு ஒப்பிட்டு, தவறிய இடத்தை வேறு நிற மையால் குறித்திருக்கிறானா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது வேலைக்கு நுண்கணிதம் தெரிந்திருக்கத் தேவையில்லை, ஆனால் பெரும்பாலான வீடுகளில் இதுதான் நழுவுகிறது. பக்கம் பக்கமாகச் சரிக்குறிகள் மட்டுமே இருந்தால், பிள்ளை மேதையாகிவிட்டான் என்று மகிழ்வதற்கு முன், ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டு உங்களுக்குப் புரியும்படி விளக்கச் சொல்லுங்கள். தீர்வைப் பார்த்து எழுதியவர் இரண்டாவது வரியில் நின்றுவிடுவார். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாததே இங்கே நன்மை, ஏனெனில் நீங்கள் கேட்கும் கேள்விகள் உண்மையான கேள்விகளாக இருக்கும்.

ஆய்வகம் இல்லை என்ற கவலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அளக்கும் பழக்கத்தையும் பிழையைக் கணக்கிடும் பழக்கத்தையும் வீட்டிலேயே கற்கலாம். ஒரு நூலில் சிறு எடையைக் கட்டித் தொங்கவிட்டால் ஊசல் தயார். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ இரண்டு நொடி எடுக்கும். ஒரே அலைவை அளந்தால் நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதம் கணக்கைக் கெடுத்துவிடும். இருபது அலைவுகளை அளந்து இருபதால் வகுத்தால் அந்தப் பிழையும் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும். நீளத்தை 20 செ.மீ. முதல் 100 செ.மீ. வரை மாற்றி, காலத்தின் இருமடியை நீளத்துக்கு எதிராக வரைந்தால் நேர்க்கோடு கிடைக்கும். நீளத்தை மீட்டரில் எழுதினால் அதன் சாய்வு ஏறத்தாழ 4 வரும். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டு, விடை ஏன் 9.8-இலிருந்து விலகியது என்று மகன் ஒரு பக்கம் எழுதட்டும். பட்டியலில் இருபது சோதனைகளைச் செய்து முடித்தோம் என்று கணக்குக் காட்டுவதைவிட, இப்படிப்பட்ட ஆறு சோதனைகளை அறிக்கை எழுதும் வரை கொண்டுபோவது மேல்.

அடர் அமிலங்களைக் கையாளுவது போன்றவற்றை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவற்றுக்கு நல்ல ஆய்வகத்தில் சில நாள்கள் இடம் தேட வேண்டியதுதான். இங்கேதான் எந்தத் தேர்வை எழுதுகிறோம் என்ற முடிவு முன்கூட்டியே தேவைப்படுகிறது. எடுத்துக்காட்டாக, பல நாடுகளில் நடத்தப்படும் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ தேர்வின் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் ஆய்வகச் செய்முறைத் தேர்வுக்கு மாற்றாக ஓர் எழுத்துத் தாள் உண்டு. அதே அமைப்பின் ஏ லெவல் தேர்வில் அந்த மாற்று கிடையாது. ஆய்வகத்தில் அமர்ந்து எழுத வேண்டிய தாள் உண்டு. பதினாறு வயது வரை இல்லாத தடை, பதினெட்டு வயதுத் தேர்வில் திடீரென எதிர்ப்படுவது இதனால்தான்.

கேள்வி: என் பிள்ளைகளுக்கு நானே மதிப்பெண் போடுகிறேன். தாய் போட்ட மதிப்பெண்ணை வெளியில் யார் நம்புவார்கள்? ஆவணங்களை எப்போதிலிருந்து சேர்க்க வேண்டும்?

பதில்: தாய் போட்ட மதிப்பெண்ணை மட்டும் வைத்து நம்பமாட்டார்கள் என்பது உண்மை, நம்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. அதனால்தான் மதிப்பெண் பட்டியலோடு பாட விளக்கத்தையும், வெளித்தேர்வின் முடிவையும் சேர்த்து வைக்க வேண்டும் என்கிறேன். பாட விளக்கம் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் அரைப் பக்கம்: எந்தப் புத்தகம், எந்த அத்தியாயங்கள், எத்தனை கட்டுரைகள், எத்தனை சோதனைகள், மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்பட்டது. இதை அந்தந்த ஆண்டு முடிந்த வாரத்திலேயே எழுதிவிட வேண்டும். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தைய இரவில் உட்கார்ந்து எழுதினால், முதலாண்டில் படித்த புத்தகத்தின் பெயரே நினைவுக்கு வராது. ஒவ்வொரு பாடத்திலும் சிறந்த இரண்டு கட்டுரைகளையும், ஒரு நடுத்தரமான கட்டுரையையும், திருத்தங்களோடு பாதுகாத்து வையுங்கள். நடுத்தரமானது எதற்கு என்றால், சிறந்தவை மட்டும் இருக்கும் கோப்பைப் பார்ப்பவருக்குப் பிள்ளை வளர்ந்த கதை தெரிவதில்லை.

வீட்டுவழிக் கல்வியில் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறும் வரை மீண்டும் எழுத வைப்பது வழக்கம். அது நல்ல வழக்கமே. ஆனால் முதல் முயற்சியில் வந்த மதிப்பெண்ணையும் நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். வெளித்தேர்வு அறையில் இரண்டாவது முயற்சி இருக்காது. முதல் முயற்சி எண்கள்தான் பிள்ளை உண்மையில் எங்கே நிற்கிறார் என்பதை உங்களுக்குச் சொல்லும்.

வெளித்தேர்வுகளில் எதைத் தேர்வது என்பதை, பிள்ளை சேர விரும்பும் நிறுவனத்தின் சேர்க்கை விதிகளிலிருந்து பின்னோக்கி வந்து முடிவு செய்யுங்கள். அமெரிக்காவின் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு கல்லூரித் தொடக்க நிலைப் பாடங்களில் நடத்தும் ஏபி தேர்வுகளை, அந்தப் பாடத்தை எங்கும் வகுப்பில் படிக்காமலேயே எழுதலாம். மதிப்பீடு 1 முதல் 5 வரை. ஆனால் உங்கள் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடத்துக்கு ஏபி என்று பெயரிட வேண்டுமானால், பாடத்திட்டத்துக்கு அந்த அமைப்பின் ஒப்புதல் வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் பெயரிட்டுவிட்டுப் பின்னர் சங்கடப்படுபவர்கள் உண்டு. தனித்தேர்வர்களை எல்லா மையங்களும் ஏற்பதில்லை என்பதால், தேர்வுக்கு ஓராண்டு முன்பே மையத்தை விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாக, நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தைப் படித்துவிடுவது அவசியம். ஜெர்மனியில் பள்ளிக்குச் செல்வதே கட்டாயம், வீட்டுக்கல்வி அதற்கு மாற்றாக ஏற்கப்படுவதில்லை. வேறு நாடுகளில் பதிவும் ஆண்டு அறிக்கையும் மட்டும் கேட்கப்படலாம்.

கேள்வி: மகன் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் உறங்கி, காலை ஒன்பது மணிக்கு எழுகிறான். எட்டு மணிக்குப் பாடம் தொடங்கும் ஒழுங்கு குலைந்துவிட்டது. கண்டிப்பதா, விட்டுவிடுவதா?

பதில்: பருவமடையும் வயதில் உடலின் உறக்கக் கடிகாரம் பிந்திய நேரத்துக்குத் தள்ளிப்போகிறது, சோம்பல் என்று மட்டும் எண்ண வேண்டாம். 13 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இலேயே கேட்டுக்கொண்டது. பள்ளிகளுக்குக் கடினமான இந்த மாற்றம் உங்களுக்கு எளிது. பாடத்தைப் பத்து மணிக்குத் தொடங்கி, முதல் பாடமாகக் கணிதத்தை வையுங்கள். கைப்பேசியை இரவு படுக்கையறைக்கு வெளியே வைக்கும் விதியில் மட்டும் தளர வேண்டாம்.

கேள்வி: பாடம் நடத்தும்போது மகள் என்னிடம் எதிர்த்துப் பேசுகிறாள். சாப்பாட்டு மேசையிலும் பாடத்தைப் பற்றியே சண்டை. ஒரே சமயத்தில் தாயாகவும் ஆசிரியராகவும் இருப்பது மேல்வகுப்புகளில் இயலாத காரியமா?

பதில்: இயலும், ஆனால் திட்டம் உங்கள் கையிலேயே இருக்கும் வரை கடினம். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு, எந்தப் பாடங்கள் என்பதை நீங்கள் முடிவு செய்து, எந்த நாளில் எது என்பதை அவளிடம் விடுங்கள். பதினைந்தில் தன் வாரத்தை அவளே எழுதி உங்களிடம் காட்டட்டும். பதினாறில் ஒரு பாடத்துக்கான புத்தகத்தையும் வரிசையையும் அவளே தேர்ந்து, ஏன் அதைத் தேர்ந்தாள் என்று ஒரு பக்கம் எழுதட்டும். வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் நாட்குறிப்பை வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த அரை மணிக்கு வெளியே, குறிப்பாகச் சாப்பாட்டு வேளையில், படித்தாயா என்ற கேள்வி எழக் கூடாது. கட்டுரைத் திருத்தங்களை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். தாளோடு கோபித்துக்கொள்ளலாம், சிறிது நேரத்தில் அதே தாளை எடுத்துத் திருத்தவும் செய்யலாம். குரலோடு கோபித்துக்கொண்டால் அது பாடத்தைத் தாண்டிப் போய்விடும்.

வீட்டிலேயே கற்றவர்களில் மிகுதியாகப் பேசப்படும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்வதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். தந்தை ஜேம்ஸ் மில் அவருக்கு மூன்று வயதில் கிரேக்கம் தொடங்கினார். காலை நடையின்போது, முந்தைய நாள் படித்ததை மகன் துண்டுத்தாள் குறிப்புகளின் துணையோடு தந்தையிடம் சொல்ல வேண்டும். நினைவிலிருந்து எழுதச் சொல்லும் நவீன ஆய்வுகளுக்கு மிக முன்பே அந்த வீட்டில் இது நடந்தது. தந்தை இந்திய வரலாறு எழுதிக்கொண்டிருந்த அதே மேசையில் மகன் அமர்ந்து, தெரியாத கிரேக்கச் சொல் ஒவ்வொன்றையும் அவரிடம் கேட்பான். இயல்பில் பொறுமையற்ற அவர் அதைப் பொறுத்துக்கொண்டே எழுதி முடித்தார். தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லும் வேலையும் மில்லுக்கு இருந்தது. கற்பித்தவை தன் மனத்தில் ஆழப் பதிந்தன என்று ஒப்புக்கொள்ளும் அவர், அந்த வேலை தனக்குப் பிடிக்கவில்லை என்றும் எழுதுகிறார். ஆகையால் மகனைக் கொண்டு மகளுக்குக் கணிதம் சொல்லித்தரச் செய்யலாமா என்று நீங்கள் அடுத்து கேட்பதாக இருந்தால், வாரத்தில் ஒரு நாள் போதும். அதுவும் இருவரும் சம்மதித்தால் மட்டும்.

எல்லாம் கற்ற அந்த இளைஞர் 1826-இல், தமது இருபதாவது வயதில், எதிலும் மகிழ்ச்சியில்லாத கடும் மனச்சோர்வில் விழுந்தார். தந்தையிடம் அதைச் சொல்ல முடியவில்லை என்றும், உதவி தேடிப் போகக்கூடியவர்களில் அவரே கடைசி என்றும் எழுதியிருக்கிறார். உங்கள் மகள் எதிர்த்துப் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் உங்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பேச்சு நிற்காதபடி, அட்டவணையிலிருந்து எந்தப் பாடத்தை வேண்டுமானாலும் ஒரு மாதம் எடுத்துவிடலாம். கணிதத்தைத் தவிர என்று சொல்ல வந்தேன்; தேவைப்பட்டால் கணிதத்தையும் இரண்டு வாரம் நிறுத்தி வையுங்கள். பெயர் வைக்காத ஆறு வாரங்கள் அதற்காகவும்தான்.